துள்ளுற, முன்னங்கால தூக்கி நிக்கிற இளம் குதிரைய மறுபடி பழக்குறது எப்படி (நான் செஞ்ச வழி)

குதிரை கீழ தள்ளுனது பத்தாதுன்னு குழியும் பறிச்சதாம்னு ஊர்ல சொல்வாங்கல்ல, போன வருஷம் எனக்கு அதுதான் நடந்துச்சு. மொதல்ல என் குதிரை வேலு துள்ளி என்னைத் தூக்கிப் போட்டான், காறை எலும்பு முறிஞ்சு ஆறு வாரம் கையத் தொட்டில்ல போட்டுக்கிட்டு இருந்தேன். சரியாகி திரும்ப ஏறுனா இப்ப துள்ளல, கேட் கிட்ட போனதும் ரெண்டு முன்னங்காலயும் தூக்கி நேரா நிக்கிறான். ஒரு வருஷம் ஆச்சு அவனை சரி பண்ண. இங்க தென்னாப்பிரிக்கால ஹோவிக், மூய் ரிவர் பக்கம் நம்மாளுங்க நிறைய பேர் இப்ப ரேஸ்ல இருந்து வர்ற குதிரைகள வாங்குறீங்க, அதனாலதான் தமிழ்ல எழுதி வைக்கிறேன்.

வேலு தரப்ரெட் (ரேஸ் குதிரை ஜாதி), வாங்குறப்ப நாலு வயசு. இந்த நாட்டுல தரப்ரெட் எல்லாத்துக்கும் ஆகஸ்ட் 1 தான் வயசு கூடுற நாள், அதனால பேப்பர்ல நாலுன்னு இருந்தாலும் உடம்பு இன்னும் சில மாசம் சின்னதா இருக்கலாம். முதுகெலும்பு முழுசா வளர்ந்து முடிய அஞ்சரை ஆறு வயசு ஆகிடும். நாலு வயசுன்னா இன்னும் குழந்தைதான்னு நெனச்சு மத்தத படிங்க.

படி 1: எது துள்ளல், எது நிமிர்ந்து நிக்கிறதுன்னு பிரிச்சுப் பாருங்க

ரெண்டும் ஒரே திமிருன்னுதான் நானும் நெனச்சேன், அது தப்பு. துள்ளுறப்ப தலை கீழ போகும், முதுகு கூன் விழும், பின்னாடி மேல எழும்பும். நிமிர்றப்ப மொதல்ல கால் நிக்கும், தலை மேல போகும், உடம்பு எடை பூரா பின்னங்காலுக்குப் போகும், அப்புறம்தான் முன்னாடி தூக்கும். துள்ளுறதுக்கு தலைய கீழ விடக்கூடாது. நிமிர்றதுக்கு தலையப் பிடிச்சு இழுக்கவே கூடாது. ஒண்ணுக்குச் செய்யுறத இன்னொண்ணுக்குச் செஞ்சா குதிரை மல்லாக்க உங்க மேலயே விழும்.

படி 2: வலி இருக்கான்னு பாருங்க, அதுவரைக்கும் ஏறாதீங்க

வெட்னரி டாக்டர கூப்பிட்டு முதுகு, கால், பல் மூணும் பாக்கச் சொல்லுங்க. இந்த வயசுல பால்பல் விழுந்து புதுசு வரும், பிட் (வாய்க்குள்ள போடுற கடிவாளக் கம்பி) படுற இடத்துக்குப் பக்கத்துல சின்னதா ஒரு பல் சிலதுக்கு இருக்கும், அது பிட்ல பட்டா தலையத் தூக்கும்.

சேடிலுக்கு (சேணத்துக்கு) டாக்டர் தேவையில்ல, நீங்களே பாக்கலாம். அடியில துணி போடாம வெறும் முதுகுல வைங்க. கழுத்து முடிஞ்சு முதுகு ஆரம்பிக்கிற மேட்டுக்கும் சேடிலுக்கும் நடுவுல ரெண்டு மூணு விரல் போகணும், பின்னாடி இருந்து பாத்தா நடுவுல வெளிச்சம் தெரியணும். அரை மணி நேரம் வேலை வாங்கிட்டு கழட்டுனா ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வேர்த்திருக்கணும், நடுவுல உள்ளங்கை அளவு காஞ்ச திட்டு இருந்தா அங்க அழுத்துதுன்னு அர்த்தம். வேலுவுக்கு இடது பக்கம் அப்படி ஒரு திட்டு இருந்துச்சு, நான் மாசக்கணக்கா அதப் பாத்தும் என்னன்னு யோசிக்கல. கம்பளி அடைச்ச சேடில்தான் வாங்குவேன் நான், ஏன்னா குதிரை வளர வளர அடைப்பை மாத்திக்கலாம். ஃபோம் வச்சதுல அந்த வசதி கிடையாது.

அடுத்து வயிறு. ரேஸ்ல இருந்து வர்ற குதிரைகளுக்கு வயித்துப்புண் ரொம்ப சகஜம். குதிரை வயித்துல சாப்பிட்டாலும் சாப்பிடாட்டியும் அமிலம் ஊறிக்கிட்டே இருக்கும், மேல் பகுதிக்கு பாதுகாப்பு சவ்வு கிடையாது, காலி வயித்தோட ஓட்டுனா அமிலம் தெறிச்சு மேல படும். வயித்துப் பட்டைய இறுக்குறப்ப காத மடக்கி கடிக்க வருதா? வேலு வந்தான், நாங்க கெட்ட பழக்கம்னு சொல்லி அதட்டுனோம். ட்யூப் விட்டுப் பாத்தப்பதான் புண் தெரிஞ்சுச்சு. டாக்டர் சொன்னபடி ஓமெப்ரசோல் (அமிலத்த குறைக்கிற மருந்து) கொடுத்தோம், ஓட்ஸ குறைச்சோம், காஞ்ச டெஃப் புல்ல நாள் பூரா முன்னாடி இருக்கிற மாதிரி வச்சோம், ஏறுறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி ரெண்டு கை லூசர்ன் (குதிரைமசால்). லூசர்ன்ல கால்சியம் இருக்கு, அமிலத்த அடக்கும். இங்க மேய்ச்சல் முழுக்க கிக்குயு புல், அது கால்சியத்த உடம்புல சேர விடாது, அதுக்கும் லூசர்ன் உதவும்.

துள்ளல்ல முக்கால்வாசி இந்தப் படியிலயே போயிடுச்சு. ஒரு நாள் கூட அடிக்கல.

(ஹார்ஸ் சிக்னஸ்ங்கிற குதிரை நோய்க்கு ஊசி போட்ட சமயம்னா டாக்டர் சொல்ற வரைக்கும் கடுமையான வேலை வாங்காதீங்க. வருஷா வருஷம் ரெண்டு டோஸ், நடுவுல குறைஞ்சது மூணு வாரம் இடைவெளி. அந்த நாட்கள்ல தரையில நின்னு செய்யுற லேசான பாடம் மட்டும் வச்சுக்கிட்டேன்.)

படி 3: தரையில நின்னு ‘போ’, ‘நில்லு’ ரெண்டு வார்த்தை

நான் வழுக்குனது இங்கதான், அதனால கொஞ்சம் நீட்டி எழுதுறேன்.

லஞ்ச் கயிற (குதிரைய வட்டமா சுத்தி ஓட்டப் பிடிக்கிற நீளக் கயிறு) பிட்ல கட்டாதீங்க, மூக்குப்பட்டை வளையத்துல கட்டுங்க. பெரிய வட்டமா, சுமார் 20 மீட்டர் குறுக்களவு வர்ற மாதிரி நீங்களும் கூட கொஞ்சம் நடந்துக்கிட்டே ஓட்டுங்க, சின்ன வட்டம் இளசுக்கு மூட்டுல கேடு. ரெண்டு பக்கமும் சேத்து 15-20 நிமிஷம் போதும். நிறைய பேர் களைப்படைய வச்சா அடங்கிடும்னு ஒரு மணி நேரம் சுத்த விடுறாங்க, அதுல குதிரைக்கு தெம்புதான் கூடும், அடக்கம் வராது.

குதிரைக்கு பாடம் அழுத்தத்துல இல்ல, அழுத்தத்த எடுக்குற நொடியில இருக்கு. ‘போ’ன்னு சொல்லி சவுக்க தூக்கிக் காட்டுறீங்க, அது ஒரு அடி முன்னாடி வச்ச அந்த நொடியே சவுக்கு கீழ இறங்கணும். நான் என்ன பண்ணேன்னா அது நடக்க ஆரம்பிச்ச பிறகும் காட்டிக்கிட்டே இருந்தேன், இன்னும் வேகமா போகட்டும்னு. அப்ப அதுக்கு என்ன புரியும், சொன்னபடி செஞ்சாலும் விடமாட்டாங்கன்னுதான் புரியும், அதுக்கப்புறம் வேற வழி தேடும், துள்ளிப் பாக்கும், நிமிர்ந்து பாக்கும், அப்படிப் பண்றப்ப நாம பயந்து கயிற விட்டுட்டோம்னா, ஓ இதுதான் விடையான்னு கத்துக்கும். வேலு அப்படித்தான் கத்துக்கிட்டான். கத்துக்கொடுத்தது நான்.

லாயத்துல எங்க கூட இருக்கிற ஜூலு பெரியவர நாங்க பாபான்னுதான் கூப்பிடுவோம். அவர் என் பக்கத்துல நின்னு என் கையையே பாத்துக்கிட்டு இருந்தார், நான் லேட் பண்ணுறப்பல்லாம் ‘கஹ்லே, கஹ்லே’ன்னு சொல்வார், மெதுவா பதமான்னு அர்த்தம். மூணு நாள் அவர் குரலுக்கு கைய இறக்கி பழகுன பிறகுதான் எனக்கு நேரம் பிடிபட்டுச்சு. நாலாவது நாள் வேலு பெருமூச்சு விட்டு தலைய தாழ்த்தி வாய மென்னான். உங்களுக்கும் யாராவது ஒருத்தர் கைய மட்டும் பாக்கச் சொல்லி பக்கத்துல நிக்க வைங்க, வீடியோ எடுத்துப் பாக்குறத விட இது மேல்.

படி 4: ஏறுறது

ஹெல்மெட், உடம்புக்கு ப்ரொடெக்டர், தரையில ஒரு ஆள். இந்த மூணுல ஒண்ணு இல்லாட்டி அன்னைக்கு ஏறாதீங்க. மேடை மேல நின்னு ஏறுங்க, தரையில இருந்து தொங்கி ஏறுனா முதுகு முறுக்கும். மொத வாரம் பத்து நிமிஷம், வாக் (நடை) மட்டும்.

நின்ன இடத்துலயே ஒரு பக்க ரெயின (கடிவாள வார) மெதுவா உங்க முட்டி பக்கம் கொண்டு வந்து, பின்னங்கால் குறுக்க வச்சு நின்ன உடனே விடுங்க. ரெண்டு பக்கமும் பழக்குங்க. முதுகு கூன் விழப்போறது சீட்டுலயே தெரியும், அப்ப இத செஞ்சா துள்ளல் தொடங்குறதுக்கு முன்னாடியே நிக்கும். ரெண்டு ரெயினயும் சேத்து இழுத்தா அது அதுல சாஞ்சு இன்னும் பலமா துள்ளும்.

படி 5: கேட்

வேலு நிமிர்ந்தது எப்பவும் ஒரே இடம், பேடக்க (வேலி போட்ட மேய்ச்சல் இடத்த) விட்டு வெளிய போற கேட். வெளிய கரும்புக்காட்டு ஓரம் ஹடேடா பறவைங்க திடீர்னு கத்திக்கிட்டு எழும்பும், அவனுக்கு பயம். நான் பயந்து ரெயின இறுக்கிப் பிடிச்சுக்கிட்டே கால்ல உதைச்சேன். போன்னும் சொல்றேன், போகாதன்னும் சொல்றேன், முன்னாடியும் வழி இல்ல பின்னாடியும் வழி இல்லன்னா மேலதான போவான்?

இப்ப செய்யுறது இது. கேட்டுக்கு பத்து அடி முன்னாடியே, அவன் கால் தயங்குற நொடியில, ரெயின லூஸ் விட்டு பக்கவாட்டுல வளைச்சு நடக்க வைப்பேன். நடந்துக்கிட்டே இருக்கிற குதிரை சுலபமா நிமிர முடியாது. வளைச்சு நடந்து, திரும்பி கேட் பாத்து, ஒரு அடி கூட வந்தா கைய விட்டு கழுத்த தடவுவேன், அன்னைக்கு அதோட சரி. கால் தரையில இருக்கிறப்ப மட்டும்தான் வளைக்கணும், மேல எழும்புன பிறகு ஒரு பக்கம் இழுத்தீங்கன்னா ரெண்டு பேரும் கவுந்துடுவீங்க. எழும்பிட்டா உடம்ப முன்னாடி சாச்சு, பிடரி மயிரப் பிடிச்சுக்கிட்டு, ரெயின முழுசா விட்டுடுங்க, இறங்குன அடுத்த நொடி முன்னாடி நடக்க வைங்க. பின்னாடி சாயுறதா தெரிஞ்சா ஸ்டிரப்ல இருந்து கால எடுத்து பக்கவாட்டுல வழுக்கி இறங்கி ஓடிடுங்க. வழக்கமா நேரா நிக்கிற குதிரைன்னா இத நீங்களா செய்யாதீங்க, தொழில் தெரிஞ்சவர்கிட்ட அனுப்புங்க.

பின்னால சேத்தது

இத போட்டதும் ரெண்டு கேள்வி வந்துச்சு. மார்ட்டிங்கேல் (தலை மேல போகாம நெஞ்சுப்பக்கம் கட்டுற வார்) கட்டுனா நிமிராதான்னு ஒருத்தர். தலை மேல போறத கொஞ்சம் தடுக்கும், ஆனா நிமிர்றது தலையால இல்ல பின்னங்காலால, அதனால நிக்காது. கெட்டியா கட்டுனா அடைபட்ட மாதிரி ஆகி இன்னும் மோசமாகும். பிட்டும் அப்படித்தான், கடுமையானதுக்கு மாத்தாதீங்க, நான் மெல்லிசான இரும்புல இருந்து ரப்பர் பிட்டுக்கு மாத்துனேன்.

இன்னொருத்தர் கேன்டர்ல (மெதுவான பாய்ச்சல்ல) ஒரு பக்க ரெயின சடக்குனு இழுத்து, ஈர கிக்குயு சரிவுல குதிரை வழுக்கி விழுந்துடுச்சுன்னு எழுதியிருந்தார். நல்லவேளை ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகல. இத நான் தெளிவா எழுதாதது என் தப்பு. நின்ன இடம், வாக், ட்ராட் (லேசான ஓட்டம்)னு ஒவ்வொண்ணுலயும் நாள்கணக்கா பழகின பிறகுதான் கேன்டர், அதுவும் காஞ்ச சமதரையில, பெருசா வளைச்சு வட்டத்த மெல்ல மெல்ல சின்னதாக்கி நிறுத்துங்க.

போன ஞாயிறு வேலு கேட் தாண்டி அணைக்கட்டு வரைக்கும் போயிட்டு வந்தான். ஹடேடா எழும்புச்சு, நின்னான், காத ஆட்டுனான், கை லூஸா விட்டேன், நடந்தான். சேடில் அடைப்ப மறுபடி பாக்க ஆள் வர்ற வியாழக்கிழமை வர்றார், மூணு மாசத்துல தோள் அகலமாயிடுச்சு.