இரவு முழுக்க மவுண்டன் பைக்: முதல் 24 மணி நேரப் பந்தயத்துக்குத் தயாராவது எப்படி

அமெரிக்காவின் அரிசோனாவில், டூசான் நகரத்துக்கு வடக்கே, ஆரக்கிள் என்ற சின்ன ஊருக்குப் பக்கத்துப் பாலைவனத்தில் பிப்ரவரி மாதம் ஒரு பந்தயம் நடக்கும். பெயர் '24 அவர்ஸ் இன் தி ஓல்ட் பியூப்ளோ'. சனிக்கிழமை பகல் 12 மணிக்குத் தொடங்கி ஞாயிறு பகல் 12 மணிக்கு முடியும். ஒரு சுற்று ஏறக்குறைய 26 கிலோமீட்டர். கள்ளிகளுக்கு நடுவே மண் பாதையில் அதே சுற்றைத் திரும்பத் திரும்ப ஓட்ட வேண்டும். ஒருவர் மாற்றி ஒருவராக ஓட்டி அதிகச் சுற்று முடிக்கும் குழு ஜெயிக்கும், அவ்வளவுதான் விதி.

நான் இரண்டு முறை நான்கு பேர் குழுவில் ஓட்டியிருக்கிறேன். மண் பாதையில் இரண்டு மணி நேரம் நிற்காமல் ஓட்டத் தெரியும், ஆனால் இரவில் ஓட்டியதே இல்லை என்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பிப்ரவரி நடுவில் அங்கே சூரியன் ஆறு மணி கடந்து கொஞ்ச நேரத்தில் மறைந்து, மறுநாள் காலை ஏழு மணி வாக்கில்தான் எழும். கிட்டத்தட்ட 13 மணி நேர இருட்டு, பந்தயத்தில் பாதிக்கும் மேல். பகலை எப்படியும் ஓட்டிவிடலாம். உங்கள் ஏற்பாடு முழுவதும் அந்த 13 மணி நேரத்துக்காகவே இருக்கட்டும்.

முதலில் ஆள் சேருங்கள்

இந்த வகைப் பந்தயம் பெரிதாகப் பரவியது 1992-இல் லேர்ட் நைட் என்பவர் மேற்கு வர்ஜீனியாவின் கேனன் பகுதியில் நடத்திய '24 அவர்ஸ் ஆஃப் கேனன்' மூலம்தான். அப்போது குழுவாக மட்டும்தான் கலந்துகொள்ள முடியும். 1996-இல் ஜான் ஸ்டாம்ஸ்டாட் தன் பெயரையே நான்கு விதமாக எழுதி நான்கு பேர் குழு என்று பதிவு செய்துவிட்டு, 24 மணி நேரமும் தான் ஒருவராகவே ஓட்டினார். தனி ஆள் பிரிவு என்று ஒன்று உருவாக அதுதான் வழிவிட்டது. இந்தக் கதையைக் கேட்டால் நமக்கும் தனியாக ஓட்டிப் பார்க்கலாமே என்று ஆசை வரும், எனக்கும் வந்தது. முதல் வருடம் மட்டும் வேண்டாம். நான்கு பேர் குழுவில் சேருங்கள். அதிலேயே ஆளுக்கு 100 கிலோமீட்டர் வந்துவிடும், அதில் பாதி இருட்டில்.

வேகமான நான்கு பேரைத் தேட வேண்டியதில்லை. இரவு இரண்டரை மணிக்கு எழுப்பினால் முணுமுணுக்காமல் ஷூ மாட்டுகிற நான்கு பேர் கிடைத்தால் அதுவே பெரிய விஷயம். முடிந்தால், ஓட்டாத ஒருவரையும் உதவிக்கு அழைத்து வாருங்கள். இரண்டாவது வருடம் நண்பரின் மனைவி எங்களோடு வந்து அடுப்பையும் நேரக் கணக்கையும் பார்த்துக்கொண்டார். அந்த வருடம் நாங்கள் இரண்டு சுற்று கூடுதலாக முடித்ததற்கு அவர்தான் காரணம் என்று இன்றும் சொல்வேன்.

இரவுக் கணக்கு

இதைப் பந்தயத்துக்கு ஒரு வாரம் முன்பே பேப்பரில் எழுதிவிடுங்கள். புதியவர் ஒரு சுற்று முடிக்க ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு ஒரு சுற்று என்று மாற்றிக்கொண்டே போனால் உங்கள் முறை முடிந்து அடுத்த முறை வர நாலரை மணி நேரம் இருக்கும். கேட்க நிறைய மாதிரித் தெரியும். ஆனால் வந்து உடை மாற்றி, சாப்பிட்டு, சைக்கிளைத் துடைத்து, படுத்து, மறுபடி அரை மணி நேரம் முன்பே எழுந்து தயாராக வேண்டும். தூங்கக் கிடைப்பது இரண்டு மணி நேரம்கூட இருக்காது, அதுவும் பக்கத்துக் கூடாரத்தின் பாட்டுச் சத்தத்துக்கு நடுவே.

அதனால் பகலில் ஒற்றைச் சுற்று, இரவில் இரட்டைச் சுற்று. பகல் 12 முதல் மாலை 6 வரை நான்கு பேரும் ஆளுக்கு ஒரு சுற்று. மாலை 6 முதல் காலை 6 வரை ஆளுக்கு இரண்டு சுற்று, அதாவது மூன்று மணி நேரம். பிறகு காலை 6 முதல் 12 வரை மறுபடி ஒவ்வொரு சுற்று. இப்படிப் போட்டால் எல்லோருக்கும் இரவில் சேர்ந்தாற்போல் ஆறு மணி நேரமாவது ஓய்வு கிடைக்கும். முதல் ஆள் இரவு 9 மணிக்கு இறங்கினால் காலை 6 வரை அவரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. நள்ளிரவு 12 முதல் 3 வரை ஓட்டும் மூன்றாவது ஆளுக்குத்தான் தூக்கம் இரண்டாக உடையும், பொதுவாகவே நேரம் கழித்துத் தூங்குகிறவரை அங்கே போடுங்கள். அதிகாலை 3 முதல் 6 வரையிலான வேளை யாருக்குமே பிடிக்காது. அதை வழக்கமாக நான்கு மணிக்கு எழுகிறவரிடம் கொடுங்கள். எங்கள் குழுவில் அது நான்தான்.

ஒன்றைக் கவனியுங்கள். நான்காவது ஆள் மாலை நாலரை மணிக்கு நல்ல வெளிச்சத்தில் கிளம்புவார். முன்னால் போனவர்கள் பஞ்சர் ஆகித் தாமதித்திருந்தால் இவர் சுற்றின் கடைசிப் பகுதியில் இருட்டிவிடும். அவர் லைட்டோடுதான் கிளம்ப வேண்டும், வெயில் எவ்வளவு அடித்தாலும் சரி.

லைட்

இரண்டு வேண்டும். ஹேண்டில்பாரில் ஒன்று, ஹெல்மெட்டில் ஒன்று. ஹேண்டில்பாரில் அகலமாக வெளிச்சம் பரப்பும் 1000 லூமன் அளவு லைட் போதும். ஹெல்மெட்டில் அதைவிடச் சின்னது, வெளிச்சம் குவிந்து விழுவது. ஹெல்மெட் லைட் நீங்கள் திரும்பும் பக்கமெல்லாம் திரும்பும், வளைவுக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் அதை மட்டும் நம்பி ஓட்டக் கூடாது. வெளிச்சம் கண்ணுக்குப் பக்கத்திலிருந்தே கிளம்புவதால் கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்ளும், பாதை முழுக்கச் சப்பையாகத் தெரியும். கீழேயிருந்து அடிக்கும் ஹேண்டில்பார் லைட்தான் நிழலை நீளமாக விழவைத்து, இது கல், இது பள்ளம் என்று காட்டும்.

முதல் வருடம் இதை நேரில் பட்டுத் தெரிந்துகொண்டேன். மூன்று மணிக்குக் கிளம்பும்போதே ஹேண்டில்பார் லைட்டை முழு வெளிச்சத்தில் வைத்தேன். முழு வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் என்று பெட்டியில் போட்டிருந்ததைப் படித்தும் இருந்தேன், இரட்டைச் சுற்று மூன்று மணி நேரம் என்பது ஏனோ மனதில் ஓடவில்லை. குளிரில் லித்தியம் பேட்டரி சொன்ன நேரம்கூடத் தாங்காது. இரண்டாவது சுற்று முடிவதற்கு வெகு முன்பே அணைந்துவிட்டது. மிச்சமிருந்த ஹெல்மெட் வெளிச்சத்தில் ஒரு கல்லும் கல்லாகத் தெரியவில்லை. பின்னால் வந்த ஒருவர் என் நிலையைப் பார்த்துத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, முடிவு வரை பக்கத்திலேயே வந்தார். முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

ஆகவே: ஏற்றத்தில் குறைந்த வெளிச்சம், சமதளத்தில் நடுத்தரம், இறக்கத்தில் மட்டும் முழு வெளிச்சம். ஏற்றத்தில் நடக்கிற வேகத்தில்தான் போவீர்கள், அதற்கு இவ்வளவு வெளிச்சம் தேவையில்லை. முதல் சுற்று முடிந்து கூடாரங்களைக் கடக்கும்போது பேட்டரியை மாற்றிக்கொள்ளுங்கள். மாற்று பேட்டரியைத் தூங்கும் பைக்குள் உடம்புச் சூட்டில் வைத்திருந்தால் இன்னும் நல்லது.

சைக்கிளும் கள்ளியும்

விலை உயர்ந்த சைக்கிள் வேண்டாம். முன்பக்கம் சஸ்பென்ஷன் உள்ள சாதாரண ஹார்ட்டெயில் போதும். ஆனால் டயர் ட்யூப்லெஸ்ஸாக இருந்தே ஆக வேண்டும், இதில் சமாதானமே கிடையாது. அந்த மண்ணில் முள் இல்லாத இடம் இல்லை. பந்தயத்துக்கு முந்தைய வாரம் டயருக்குள் புது சீலன்ட் (ஓட்டையைத் தானாக அடைக்கும் திரவம்) ஊற்றுங்கள், வறண்ட ஊர்களில் அது இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும். டயரில் முள் குத்தியிருப்பது தெரிந்தால் பிடுங்காதீர்கள், ஓட்டைக்கு அதுவேதான் அடைப்பு. அகலம் 2.3 அங்குலம், உங்கள் எடை 70 கிலோ என்றால் காற்றழுத்தம் 22, 23 பி.எஸ்.ஐ.-இல் தொடங்கிப் பாருங்கள்.

சோயா (cholla) என்று ஒரு கள்ளி இருக்கிறது. எழுத்தில் 'சோல்லா' மாதிரி இருக்கும், உச்சரிப்பு சோயாதான். அதன் துண்டுகள் லேசாக உரசினாலே உடைந்து ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முள்ளிலும் பின்னோக்கிய நுண்ணிய கொக்கிகள் இருப்பதால் உள்ளே போவது சுலபம், வெளியே வருவது கஷ்டம். கையால் இழுத்தால் கையிலும் ஒட்டும். அதற்கு அந்த ஊர்க்காரர்களின் வழி ஒரு சாதாரணச் சீப்பு: சீப்பைத் துண்டுக்கும் தோலுக்கும் நடுவே நுழைத்து, ஆட்களைப் பார்க்காத பக்கமாக ஒரே சுண்டில் தெறிக்க விட வேண்டும். மிச்ச முட்களுக்கு ஒரு சின்னக் குறடு. சீப்பு, குறடு, மல்டி டூல், ஒரு ட்யூப், பம்ப் ஐந்தும் எப்போதும் உங்களோடு இருக்கட்டும்.

பழகுவது

இரண்டு மாதம் இருந்தால் போதும். வாரத்தில் மூன்று நாள் ஓட்டுங்கள், அதில் ஒன்று இருட்டில். தெரிந்த பாதையில், ஒரு துணையோடு. முதல் இரவு பகல் வேகத்தில் பாதிதான் வரும், பரவாயில்லை. முன்சக்கரத்தைப் பார்க்காமல் வெளிச்சம் முடியும் இடத்தைப் பார்க்கப் பழகுவதற்கே மூன்று நான்கு இரவுகள் ஆகும். பிறகு ஒரே ஒரு முறை, ஒரு சனிக்கிழமை இரவு பத்து மணிக்குத் தூங்கி இரண்டரைக்கு அலாரம் வைத்து எழுந்து மூன்று மணிக்கு ஓட்டிப் பாருங்கள். இந்த ஒத்திகையைத்தான் எல்லோரும் தவிர்க்கிறார்கள். வயிறு அந்த நேரத்தில் எதை ஏற்கும், எதை ஏற்காது என்பது இதில்தான் தெரியும்.

கூடாரம், உடை, சாப்பாடு

பந்தயத்துக்காக அந்தப் பாலைவனத்தில் ஒரு தற்காலிக ஊரே எழும்பிவிடும். முடிந்தால் வெள்ளிக்கிழமை மதியமே போய் இடம் பிடியுங்கள். பெரிய ஆணி, கயிறு கொண்டுபோங்கள், காற்று கூடாரத்தைத் தூக்கும். ஆள் மாற்றும் கூடாரத்துக்கு மிகப் பக்கத்திலும் வேண்டாம், தூக்கம் வராது.

பகலில் அரைக்கைச் சட்டை போதும், இரவில் உறைநிலைக்குப் பக்கத்தில் போகும். முழுவிரல் கையுறை, காது மூடும் மெல்லிய தொப்பி, காற்றுத் தடுக்கும் ஜாக்கெட், முழங்கால் உறை. பேட் வைத்த ஷார்ட்ஸ் ஆளுக்குக் குறைந்தது மூன்று வேண்டும், ஒவ்வொரு முறை இறங்கியதும் வேறு எதற்கும் முன்னால் அதை மாற்றுங்கள். ஈரத்தோடு உட்கார்ந்து கதை பேசினால் அடுத்த சுற்றில் தோல் உரியும். ஒவ்வொரு முறைக்கும் வேண்டிய உடைகளைத் தனித்தனிப் பையில் போட்டு, மேலே நேரத்தை எழுதி வைத்துவிட்டால் நடு இரவில் டார்ச் வைத்துத் தேட வேண்டாம்.

ஓட்டும்போது மணிக்கு 40 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து, அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். குளிரில் தாகமே தெரியாது, மணி பார்த்துக் குடியுங்கள். ஜெல் பாக்கெட்டுகள் பகலில் சரி, பத்து மணிக்கு மேல் அந்தத் தித்திப்பு குமட்டும். எனக்குக் கைகொடுத்தது புளியோதரை. உப்பும் புளிப்பும் இருக்கிறது, கெடாது, சூடு பண்ண வேண்டாம். அப்புறம் ஒரு பிளாஸ்க் ரசம். அதை இறங்கி வந்தவுடன் குடித்துப் பாருங்கள், உடம்பு தானாகத் தூக்கத்துக்குப் போகும். காபியை நள்ளிரவுக்கு முன்னால் தொடாதீர்கள், கிளம்புவதற்கு அரை மணி முன்பு மட்டும் ஒரு கப்.

ஓட்டம்

தொடக்கம் கால் ஓட்டம்: எல்லோரும் கொஞ்ச தூரம் ஓடிப்போய்த்தான் தங்கள் சைக்கிளில் ஏறுவார்கள். புழுதியும் நெரிசலுமாக இருக்கும். முதலில் கிளம்புகிறவர் அவசரப்படவே வேண்டாம், சுற்றின் தொடக்கத்திலேயே வரிசையாகச் செங்குத்து மேடுகள் வரும், வேகமாகப் போனவர்கள் அங்கேயே மூச்சு வாங்கி நிற்பார்கள். ஒருவர் முடித்ததும் ஆள் மாற்றும் கூடாரத்தில் கையிலிருக்கும் பேட்டனை (தொடர் ஓட்டக் குச்சியை) அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். அடுத்தவர் பத்து நிமிடம் முன்பே அங்கே நிற்கட்டும்.

பின்னால் வருகிறவர் 'ஆன் யுவர் லெஃப்ட்' (உங்கள் இடப்பக்கமாகக் கடக்கிறேன்) என்றால் பதறி ஓரத்துக் கள்ளியில் விழ வேண்டாம். 'சரி' என்று குரல் கொடுத்துவிட்டு, அடுத்து அகலமான இடம் வந்ததும் வழிவிடுங்கள். தனியாக 24 மணி நேரம் ஓட்டுகிறவரைக் கடக்க நேர்ந்தால் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள்.

அதிகாலை மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே உடம்பு தூக்கத்தின் அடியில் இருக்கும். கண் கூசும், கல் எல்லாம் ஏதோ மிருகம் மாதிரித் தெரியும், எதற்காக வந்தோம் என்று தோன்றும். அந்த நேரத்தில் எதையும் முடிவு செய்யாதீர்கள், ஒரு வாய் சாப்பிடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கடிக்க ஏதாவது கை எட்டும் பையில் இருக்கட்டும். பாதி தூங்குகிற மாதிரி உணர்ந்தால் இறங்கி ஐந்து நிமிடம் நடங்கள், அதில் எந்த வெட்கமும் இல்லை. ஆறு மணி சுமாருக்குக் கிழக்கே மலை விளிம்பு முதலில் சாம்பலாகி, பிறகு கள்ளிகள் ஒவ்வொன்றாக உருவம் பெறும். லைட்டை அணைக்கும் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் நான் இரண்டாவது முறை போனேன்.

கடைசிச் சுற்று எதுவரை கணக்கில் சேரும் என்பது பந்தயத்துக்குப் பந்தயம் மாறும், அதைத் தொடக்கக் கூட்டத்திலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

முடிந்ததும் உடனே கூடாரத்தைப் பிரித்துக் காரில் ஏறிவிடாதீர்கள். ஆரக்கிளிலிருந்து நான் இருக்கும் சாண்ட்லருக்கு ஒன்றரை மணி நேர ஓட்டம். முதல் வருடம் பாதி வழியில் கண் சொருகி, வண்டியை ஓரங்கட்டித் தூங்க வேண்டியதாகிவிட்டது. இப்போதெல்லாம் யார் நன்றாகத் தூங்கினார்களோ அவரிடமே சாவி போகும், வழக்கமாக அது இரவு ஒன்பது மணிக்கு இறங்கிய அந்த முதல் ஆள். ஏறுவதற்கு முன் ஷூவின் அடியையும் சாக்ஸையும் ஒரு தடவை சீப்பால் தடவிவிடுங்கள், சோயா முள் சீட்டில் ஏறினால் மாதக் கணக்கில் போகாது.