மழை நாளில் பிள்ளைகளோடு இதயத்தைக் கேட்போம், எண்ணுவோம்

இதயத்தைப் பற்றிப் பேசும்போது "உப்பு கூடாது, எண்ணெய் கூடாது" என்று தொடங்கினால் எந்தப் பிள்ளையும் எழுந்து ஓடிவிடும். இதயம் துடிப்பதைக் காதால் கேட்டு, கையால் தொட்டுப் பார்த்த பிள்ளை தானாகவே கேள்வி கேட்கும். அதனால் சாப்பாட்டுக் கதையைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

இலங்கை மலையகத்தில் அட்டன், தலவாக்கலைப் பக்கம் மழை பிடித்தால் லேசில் விடாது. பிள்ளைகள் இஸ்தோப்பிலேயே அடைந்து கிடக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். பழைய கலண்டர் தாள், கொப்பி, பென்சில், வாய் அகன்ற போத்தல், ஒரு பலூன், வளையக்கூடிய இரண்டு ஸ்ட்ரோ, கொஞ்சம் டேப் எடுத்து வையுங்கள். நேரம் பார்க்க ஃபோன் இருக்கிறது.

முதலில் கேட்பது

கலண்டர் தாளைக் குழாயாகச் சுருட்டுங்கள். ஒரு முனையை அப்பாவின் நெஞ்சில், நடுவிலிருந்து சற்று இடப்பக்கமாக வைத்து, மறுமுனையில் பிள்ளை காதை வைக்கட்டும். டீவியை நிறுத்துங்கள். தகரக் கூரையில் மழை கொட்டும்போது ஒன்றும் கேட்காது, கொஞ்சம் ஓயட்டும்.

1816இல் பாரிஸில் ரெனே லேனெக் என்ற வைத்தியர் செய்ததும் இதுதான். ஒரு பெண் நோயாளியின் நெஞ்சில் நேரே காதை வைக்கக் கூசி, தாளைச் சுருட்டிப் பிடித்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் வந்தது அதிலிருந்துதான்.

'லப்-டப்' என்று கேட்பது இதயத்தின் வால்வுகள், அதாவது இரத்தத்தை ஒரே பக்கம் ஓட விடும் கதவுகள், மூடும் சத்தம். இந்த இடத்தில் பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒருவகை பக்டீரியாவால் வரும் தொண்டை நோவைக் கவனிக்காமல் விட்டால், சில பிள்ளைகளுக்கு வாதக் காய்ச்சல் வந்து இதே வால்வுகளைக் கெடுத்துவிடும். 5 முதல் 15 வயதுக்குள்தான் அது அதிகம். நெருக்கமான தோட்டத்து லய அறைகளில் தொண்டை நோ சீக்கிரம் தொற்றும். கொத்தமல்லி அவித்துக் கொடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் வைத்தியரிடமும் காட்டுங்கள்.

பிறகு எண்ணுவது

ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் மணிக்கட்டில், பெருவிரலுக்கு நேர் கீழே லேசாக வையுங்கள். பெருவிரலால் பிடிக்க வேண்டாம், அதற்கே ஒரு துடிப்பு இருப்பதால் கணக்குக் குழம்பும். 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கி, வீட்டில் எல்லோருடைய எண்ணையும் கொப்பியில் எழுதுங்கள். சும்மா இருக்கும்போது பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை வரும், பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூட. அம்மாயிக்குக் குறைவாக வந்தால் உடனே பதற வேண்டாம். சில பிரஷர் மாத்திரைகள் துடிப்பை மெதுவாக்கும். அடுத்த கிளினிக்கில் கேட்டுக்கொள்ளலாம்.

இனித்தான் விளையாட்டு. மழை விட்டதும் வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில் உள்ள படிக்கட்டில் 2 நிமிடம் ஏறி இறங்குங்கள். பாசி வழுக்கும், ஓட விடாதீர்கள். முடித்தவுடன் ஒரு தடவை, அப்புறம் நிமிடத்துக்கு ஒரு தடவை எண்ணுங்கள். யாருடைய துடிப்பு முதலில் பழைய எண்ணுக்கு வருகிறதோ அவர்தான் வெற்றி. கொழுந்து எடுக்கும் அம்மாவையும் நாள் முழுக்க ஃபோனோடு இருக்கும் அண்ணனையும் ஒன்றாக இறக்கிவிடுங்கள். பழகிய இதயம் சீக்கிரம் ஆறும் என்பதை நீங்கள் சொல்லவே வேண்டியதில்லை. அண்ணன் மூச்சு வாங்குவதே சொல்லிவிடும். இதய நோய், இளைப்பு உள்ளவர்கள் மட்டும் உட்கார்ந்து நேரம் பார்க்கட்டும்.

பம்ப் செய்வது

போத்தலில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். பலூனின் கழுத்தை வெட்டி எடுத்து, மிச்சத்தைப் போத்தல் வாயில் இறுக்கி இழுத்து மாட்டுங்கள். ஒரு விரல் இடைவெளியில் இரண்டு சின்ன ஓட்டை போட்டு ஸ்ட்ரோக்களைத் தண்ணீருக்குள் போகும்படி செருகுங்கள். ஓட்டை பெரிதானால் காற்றுப் போய்விடும். வெட்டிய கழுத்தை ஒரு ஸ்ட்ரோவின் வெளி முனையில் மாட்டி டேப் ஒட்டுங்கள். இப்போது பலூனை மெல்ல அழுத்தி விட்டால் ஸ்ட்ரோ வழியாகத் தண்ணீர் வரும். மாட்டிய கழுத்துத்தான் வால்வு, தண்ணீர் அந்த வழியே திரும்பிப் போவதைத் தடுக்கும். வெட்டிய பலூன் துண்டுகள் கைக்குழந்தையின் வாய்க்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் இதயம் இதையே ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் தடவை செய்கிறது என்று சொல்லிவிட்டு, பிள்ளையை 100 தடவை அழுத்தச் சொல்லுங்கள். கை வலிக்கும்!

கடைசியாகச் சீனியும் உப்பும்

இலங்கையில் 2016 முதல் இனிப்புப் பானப் போத்தல்களில் சீனியின் அளவைச் சிவப்பு, மஞ்சள், பச்சை நிறத்தில் போடுகிறார்கள். கடையில் சிவப்பைக் கண்டுபிடிப்பது பிள்ளையின் வேலை. வீட்டில் கணக்குப் போடுங்கள். 100 மில்லிலீட்டரில் 10 கிராம் என்றால் 400 மில்லிலீட்டர் போத்தலில் 40 கிராம், கிட்டத்தட்ட 10 தேக்கரண்டி. அதை ஒரு தட்டில் கொட்டிக் காட்டுங்கள். அப்படியே பெரியவர்கள் ஒரு நாள் முழுக்கத் தேத்தண்ணிக்குப் போடும் சீனியையும் பக்கத்துத் தட்டில் போட்டுப் பாருங்கள். பிள்ளை உங்களைப் பார்த்துச் சிரிக்கும், பரவாயில்லை.

உப்புக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை பெரியவர்களுக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவு. பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. காலையில் ஆளுக்கு ஒரு மட்டத் தேக்கரண்டிக்கும் குறைவாக உப்பை ஒரு மூடியில் எடுத்து வைத்து, ரொட்டிக்கும் சம்பலுக்கும் கறிக்கும் அதிலிருந்தே போடுங்கள். காவல் பிள்ளையிடம் இருக்கட்டும். கருவாடு சமைக்கும் நாளில் அதில் ஏற்கனவே உப்பு இருப்பதால் மூடியில் பாதியைத் திருப்பிக் கொட்டிவிட வேண்டும். இந்தச் சட்டத்தை முதலிலேயே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் சமைக்கும்போது சண்டை வரும்.