சாண எரிவாயு அடுப்பு விட்டு விட்டு எரிந்தால்

எங்கள் மாட்டுத் தொழுவத்தை ஒட்டி 2 கன மீட்டர் தீனபந்து கலன் இருக்கிறது; சாணத்தை நொதிக்கவிட்டு எரிவாயு எடுக்கும் நிலத்தடிக் குவிமாடத் தொட்டி அது. மார்கழி பிறந்ததும் அடுப்புச் சுடர் துள்ளித் துள்ளி எரிந்து, திடீரென்று அணையத் தொடங்கியது. குளிரில் வாயு உற்பத்தி குறையும் என்பது தெரிந்த கதை. எனவே சாணத்தைக் கூட்டினேன். வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்றினேன். பலன் இல்லை. பர்னரைக் கழற்றித் துலக்கினேன். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன், கசிவும் இல்லை. பழுதுபார்க்க வந்தவர் கலனையே காலி செய்யச் சொன்னார். நல்ல வேளை, கேட்கவில்லை.

துப்பு கிடைத்தது சாணக் கழிவு வெளியேறும் தொட்டியில். விடியற்காலையில் அதில் குமிழிகள் கொப்பளித்துக்கொண்டிருந்தன. அப்படியானால் வாயு குறையவில்லை. அடுப்புக்கு வர வழியின்றி அந்தப் பக்கமாகத் தப்பிக்கிறது. அதில் பெரும்பங்கு மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிடச் சுமார் 28 மடங்கு புவியைச் சூடாக்குவது. அதைப் பிடித்து எரிக்கத்தானே கலன் கட்டியது!

குழாயை ஒட்டியே நடந்தேன். கொய்யா மரத்தடியில் ஓரிடம் தொய்ந்திருந்தது. கலனிலிருந்து வரும் வாயுவில் நீராவி உண்டு. இரவுக் குளிரில் அது நீராகி அங்கே தேங்கி வழியை அடைத்திருந்தது. பிரதான வால்வை மூடி, பக்கத்தில் நெருப்பு இல்லை என்று பார்த்துக்கொண்டு குழாயைக் கழற்றினால், ஒரு சொம்பு நீர், அழுகிய முட்டை நாற்றத்தோடு. அப்பாடா என்றிருந்தது.

அந்தத் தாழ்விடத்தில் ‘T’ வடிவ இணைப்பும் சிறு வால்வும் பொருத்தி, மற்றக் குழாயை அதை நோக்கிச் சரியும்படி கட்டிவிட்டேன். வாரம் ஒருமுறை திறந்து நீரை வடிக்கிறேன்.