அகியோஷிதாய்: புல்வெளி என்று நம்பி இறங்காதீர்கள்

ஜப்பானின் யாமகுச்சி மாகாணம், மினே நகரில் இருக்கிறது அகியோஷிதாய் சுண்ணாம்புக்கல் மேட்டுநிலம். அலையலையாய்ப் புல், நடுநடுவே ஆட்டுமந்தை படுத்திருப்பதுபோல் வெள்ளைப் பாறைகள், அடியில் அகியோஷிதோ குகை. முதல்முறை வருபவர்கள் ஆண்டுதோறும் அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். தொப்பி மறந்தது, போனில் சார்ஜ் தீர்ந்தது போன்ற எங்கும் நடக்கும் தவறுகளை இங்கே சொல்லப்போவதில்லை.

பாதையை விட்டுப் புல்லுக்குள் இறங்குவது

காட்சி எப்போதும் ஒன்றுதான். பாதையிலிருந்து இருபது அடி தள்ளி அழகான பாறை ஒன்று தெரியும். ஒருவர் அதன்மேல் ஏறி நிற்க, இன்னொருவர் படம் எடுக்கப் பின்னாலேயே நகர்ந்துகொண்டு போவார். அவர் கால் எங்கே விழுகிறது என்பதை இருவருமே பார்ப்பதில்லை.

இது புல்தரை இல்லை, புல் போர்த்திய பாறை. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இலேசான அமிலமாகிச் சுண்ணாம்புக்கல்லை அரிக்கிறது. அதனால் பாறையின் மேற்பகுதி முழுக்கக் கத்திமுனை போன்ற விளிம்புகள், அவற்றுக்கிடையே ஆழமான பள்ளங்கள். கணுக்கால் சிக்கினால் கால் திரும்பாது, உடம்புதான் திரும்பும். எலும்பு முறிவது அப்படித்தான். கை ஊன்றி விழுந்தால் உள்ளங்கை கிழியும். பாறைகளுக்கிடையே தேங்கிய செங்களிமண் நனைந்தால் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும்.

அடுத்தது டோலின்கள். மேட்டுநிலம் முழுக்கக் கிண்ணம் கிண்ணமாகத் தெரியும் பள்ளங்கள் இவை. மழைநீர் ஓடையாக ஓடாமல் இவற்றின் வழியே நேராகப் பூமிக்குள் போகிறது. சரிவு மேலிருந்து பார்க்கச் சாதுவாக இருக்கும். அடியில் செங்குத்தான துளை இருக்கலாம், அதையும் புல் மூடியிருக்கலாம். இலையுதிர்காலத்தில் சுசுகிப் புல் (பைக் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நம் ஊர் நாணலுக்கு உறவு) ஆளுயரம் வளர்ந்துவிடும். உள்ளே விழுந்தவரைப் பாதையில் போகிறவர் பார்க்கவே முடியாது.

புல்லில் உண்ணியும் உண்டு. எஸ்எஃப்டிஎஸ் என்ற உண்ணிக்காய்ச்சல் ஜப்பானில் முதன்முதலாக உறுதிசெய்யப்பட்டது யாமகுச்சி மாகாண நோயாளி ஒருவரிடம்தான். 2013 ஜனவரியில் அது அறிவிக்கப்பட்டது. முழுக்கால் சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். உண்ணி கடித்துத் தொங்கினால் நசுக்கிப் பிடுங்காமல் மருத்துவமனையில் எடுக்கச் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் உண்ணி கடித்ததை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இத்தனையும் ஒரு படத்துக்காக! பாதையில் நின்றபடியே ஜூம் செய்தால் அதே பாறை அதே அழகோடு கிடைக்கும். கணுக்காலை மூடும் ஷூ பாதைக்கும் நல்லது, ஆனால் பாதையை விட்டு இறங்க அது அனுமதிச் சீட்டு இல்லை.

பச்சையை எதிர்பார்த்து மார்ச்சில் வருவது

இந்தப் புல்வெளி தானாக நிலைத்ததல்ல. தீ வைக்காவிட்டால் காடாகிவிடும். அதனால்தான் பிப்ரவரியில் 'யாமயாகி' என்ற பெயரில் சுமார் 1,138 ஹெக்டேரை எரிக்கிறார்கள். வானிலை சரியில்லாவிட்டால் தேதி தள்ளிப்போகும். எரிக்கும் நாளில் மேட்டுநிலச் சாலையையும் மூடுவார்கள். பிறகு சில வாரங்களுக்குத் தரை கரிக்கறுப்பு. பாறைகளின் அமைப்பு தெளிவாகத் தெரிவது அப்போதுதான், ஆனால் வெளிர்நிறக் கால்சட்டை பாழாகும். பச்சை வேண்டுமென்றால் மே மாதத்துக்குப் பிறகு, சுசுகிப் புல்லின் வெள்ளிக் கதிர்கள் வேண்டுமென்றால் அக்டோபர் கடைசி, நவம்பர்.

குகையோடு திரும்பிவிடுவது

ஷின்-யாமகுச்சி ரயில் நிலையத்திலிருந்து பேருந்தில் சுமார் முக்கால் மணி நேரம். அது இறக்கிவிடுவது குகை வாசலருகே, மேட்டுநிலத்தின் அடிவாரத்தில். சுற்றிலும் கடைகளைப் பார்த்துவிட்டு இதுதான் அகியோஷிதாய் என்று பலர் திரும்பிப் போகிறார்கள். குகைக்குள்ளே சுமார் 80 மீட்டர் ஏறும் லிஃப்ட் உண்டு. மேலே வந்து சற்று நடந்தால் கார்ஸ்ட் (நீர் அரித்த சுண்ணாம்புக்கல் நிலம்) காட்சிமாடம். லிஃப்ட் ஓடுகிறதா, திரும்பி உள்ளே நுழையச் சீட்டு செல்லுமா என்பதை நுழையும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். காரை முன்வாசலில் விட்டவர்கள் குரோதானி வாசல் வழியாக வெளியேறாதீர்கள், அது பாதையின் மறுமுனை. பேருந்துகள் குறைவு, திரும்பும் கடைசி வண்டியின் நேரத்தை இறங்கியவுடனே படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மேலே தண்ணீர் கிடைக்கும் என்று நினைப்பது

ஓடை கிடையாது, நிழலும் அரிது. காட்சிமாடத்திலிருந்து சோஜாகமோரி தோப்புவரை நடந்து திரும்ப மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். கோடையில் ஆளுக்கு ஒன்றரை லிட்டர்.

மழைக்கு மறுநாள் குகை

மேலே பெய்ததெல்லாம் கீழேதான் வரும். பெருமழையில் குகை ஆறு பெருகிப் பாதையை மூடிவிடுவார்கள். கிளம்புமுன் விசாரியுங்கள்.

கேமரா

குகைக்குள் ஆண்டு முழுக்கச் சுமார் 17 டிகிரி, ஈரம் அதிகம். குளிர்காலத்தில் உள்ளே போகும்போது லென்ஸ் பனிக்கும், கோடையில் வெளியே வரும்போது பனிக்கும். கால் மணி நேரம் பையை மூடியே வைத்திருங்கள். துடைத்தால் மறுபடி பனிக்கும்.

ஞாபகத்துக்கு ஒரு கல், ஒரு பூ

வேண்டாம். 1964 முதல் இந்த மேட்டுநிலம் சிறப்பு இயற்கை நினைவுச்சின்னம், அதாவது அரசு பாதுகாக்கும் இடம்.