ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர்களின் சமையலுக்கு

வந்த முதல் வாரமே அவரைக்காயும் முருங்கைக்காயும் தேடி அலையாதீர்கள். தேடினால் கிடைக்கும், ஆனால் விலை கையைக் கடிக்கும். பக்கத்து சூப்பர்மார்க்கெட்டில் மலிவாகக் குவிந்திருக்கும் காய்களை நம் கைப்பக்குவத்துக்குக் கொண்டுவருவதுதான் புத்திசாலித்தனம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், பெரிய ரயில் நிலையங்களில் சில மட்டும் திறந்திருக்கும். அதனால் சனிக்கிழமையே வாங்கி வைத்துவிடுங்கள்.

முட்டைக்கோஸில் இருந்து தொடங்கலாம். உருண்டையாக, கெட்டியாக இருப்பது வைஸ்கோல். கூம்பாக இருப்பது ஷ்பிட்ஸ்கோல். பொரியலுக்கு இரண்டாவதை எடுங்கள். இலை மெல்லியது, சீக்கிரம் வெந்துவிடும். வைஸ்கோலை மெலிதாகச் சீவி, உப்பு போட்டுப் பிசைந்து கால் மணி நேரம் வைத்தால் தண்ணீர் விடும். அதைப் பிழிந்துவிட்டு எலுமிச்சை, பச்சை மிளகாய், கடுகு தாளிப்பு சேர்த்தால் சாலட் தயார். மீதியை மறுநாள் தயிரில் போட்டுப் பச்சடியாக்கலாம்.

நம் ஊரில் நூக்கோல் என்றால் சாம்பார், கூட்டு, அவ்வளவுதான். இங்கே கோல்ராபி என்ற பெயரில் அதைப் பச்சையாகவே தின்கிறார்கள். தோலைத் தடிமனாகச் சீவிவிட்டு, துண்டு போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிப் பாருங்கள். கொய்யாக்காய் தின்பது போலவே இருக்கும்.

வெள்ளரிக்காய் நீளமாக, தண்ணீர் நிறைந்ததாக இருக்கும். கோசுமல்லிக்கு நறுக்கும்போது நடுவில் உள்ள விதையைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். அரை மணி நேரம் ஊறிய பாசிப்பருப்பு, துருவிய கேரட், எலுமிச்சை போதும். உப்பைச் சாப்பிடும் நேரத்தில் போடுங்கள்.

உருளைக்கிழங்குப் பையில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். ஃபெஸ்ட்கோகெண்ட் என்றால் வெந்தாலும் உடையாது, வறுவலுக்கு ஏற்றது. மேலிஷ்கோகெண்ட் மாவாக மசியும், மசால் கிழங்குக்கும் சாண்ட்விச்சுக்கும் அதுதான்.

சாண்ட்விச் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். ஜெர்மானியர்கள் பெருமைப்படும் கனமான புளிப்பு ரொட்டி நம் சட்னிக்கு அவ்வளவாக ஒத்துவராது, டோஸ்ட்ப்ரோட் என்ற மெதுவான சதுர ரொட்டியை வாங்குங்கள். இரண்டு துண்டிலும் ஓரம்வரை வெண்ணெய் தடவிய பிறகு புதினா மல்லிச் சட்னி பூசி, கிழங்கு, தக்காளி, வெங்காயம் அடுக்குங்கள். வெண்ணெயைக் கஞ்சத்தனமாகத் தடவினால் மதியம் டப்பாவைத் திறக்கும்போது ரொட்டி ஊறிப்போய் இருக்கும். புதினாவும் மல்லியும் துருக்கிக் கடைகளில் பெரிய கட்டாகக் கிடைக்கும். அங்கேயே வாளித் தயிரும் வாங்கிக்கொள்ளலாம்.

மோருக்குக் கவலையே இல்லை. புட்டர்மில்ஷ் என்று எல்லாக் கடையிலும் இருக்கும். கொஞ்சம் கெட்டி, அதனால் தண்ணீர், உப்பு, நசுக்கிய இஞ்சி சேர்த்துக் கலக்குங்கள்.

மின் அடுப்பு அணைத்த பிறகும் சூடாகவே இருக்கும், பொரியலைச் சற்று முன்னாலேயே நிறுத்திவிடலாம். வீட்டில் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம் இருக்கும். காய்ந்த மிளகாய் தாளிக்கும்போது ஜன்னலைத் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார்.

மாதம் ஒருமுறை தமிழ்க் கடைக்குப் போனால் போதும். பல ஊர்களில் ஈழத்தமிழர்கள்தான் நடத்துகிறார்கள். உறைந்த தேங்காய்த் துருவல், பெருங்காயம், கறுப்புக் கடுகு, கறிவேப்பிலை, இவ்வளவுதான் தேவை. கறிவேப்பிலையைக் கழுவி ஈரம் போகத் துடைத்து ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். எடுத்ததும் அப்படியே எண்ணெயில் போடலாம், ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று போடுங்கள், படபடவென்று தெறிக்கும்.