ஐரோப்பாவுக்கு எக்கானமி டிக்கெட்: ஏர்லைன்ஸை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஐரோப்பாவுக்கு எந்த ஏர்லைன்ஸில் போகலாம் என்று நாலு பேரிடம் கேட்டால் நாலு பெயர் வரும். ஒருவர் தலையில் வைத்துக் கொண்டாடும் நிறுவனத்தை அடுத்தவர் "இனி அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன்" என்பார். இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஏர் பிரான்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய போயிங் 777-300இஆர் விமானத்தில் எக்கானமி வரிசைக்கு 10 சீட். ஏர்பஸ் ஏ350-ல் 9. ஏ330-ல் 8. ஒரே நிறுவனம், ஒரே சீருடை, ஆனால் உட்கார்ந்து போகும் அனுபவம் மூன்று விதம்.

அதனால் நிறுவனத்தின் பெயரைக் கடைசியில் பார்த்தால் போதும். முதலில் பார்க்க வேண்டியது குறிப்பிட்ட அந்த விமானம், இடையில் மாறும் நேரம், டிக்கெட்டின் நிபந்தனை. வரிசையாகப் போவோம்.

படி 1: எங்கே இறங்குவது, எங்கே ஏறுவது

பாரிஸில் தொடங்கி ரோமில் முடியும் சுற்றுலாவுக்கு, பாரிஸுக்கே போய்வர டிக்கெட் எடுத்துவிட்டுக் கடைசி நாளில் ரோமிலிருந்து திரும்பி ஓடுபவர்கள் நிறைய. தேவையே இல்லை. தேடும் தளங்களில் 'மல்டி சிட்டி' என்று ஒரு வசதி இருக்கும். அதில் போகும்போது பாரிஸ், திரும்பும்போது ரோம் என்று போடுங்கள். பெரிய நிறுவனங்களில் இதற்குப் பெரும்பாலும் சாதாரண போய்வரும் டிக்கெட்டை ஒட்டிய விலைதான் வரும். தனித்தனியாக இரண்டு ஒருவழி டிக்கெட் வாங்கினால் சில சமயம் அதைவிடக் கூடுதலாகிவிடும்.

விமான நிலையத்தின் பெயரையும் கவனியுங்கள். 'பிராங்க்ஃபர்ட் ஹான்' என்று ஒன்று இருக்கிறது. பிராங்க்ஃபர்ட் நகரத்திலிருந்து அது சுமார் 120 கிலோமீட்டர். பாரிஸ் பெயரைச் சுமக்கும் போவே (Beauvais) விமான நிலையமும் ஊரைவிட்டு 80 கிலோமீட்டருக்கு மேல் தள்ளித்தான் இருக்கிறது. பல மலிவு விமானங்கள் இப்படிப்பட்ட இடங்களில்தான் இறங்கும். பஸ் கட்டணத்தையும் போகும் நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் அந்த மலிவு கரைந்துவிடும்.

படி 2: நேராகப் போவதா, மாறிப் போவதா

நேரடி விமானம் கட்டுப்படியாகும் விலையில் கிடைத்தால் பெரிதாக யோசிக்க வேண்டாம், எடுத்துவிடுங்கள். சின்னக் குழந்தையோ வயதானவர்களோ கூட வந்தால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாவது எடுக்கலாம்.

மாறித்தான் போக வேண்டும் என்றால் இரண்டு வகை. ஒன்று, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே மாறுவது: எமிரேட்ஸ் என்றால் துபாய், கத்தார் ஏர்வேஸ் என்றால் தோஹா, எதிஹாட் என்றால் அபுதாபி, டர்கிஷ் என்றால் இஸ்தான்புல். இன்னொன்று, ஒன்றியத்துக்குள் நுழைந்து மாறுவது: லுஃப்தான்சாவுக்கு பிராங்க்ஃபர்ட்டும் மியூனிக்கும், ஏர் பிரான்ஸுக்கு பாரிஸ், கேஎல்எம்முக்கு ஆம்ஸ்டர்டாம், ஃபின்னேருக்கு ஹெல்சிங்கி. சின்ன ஊருக்குப் போகிறவர்களுக்கு இரண்டாவது வகை வசதி, ஏனென்றால் அங்கிருந்து கிளை விமானங்கள் அதிகம். ஆனால் இமிக்ரேஷன் எங்கே நடக்கும் என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது அடுத்த படியில்.

தூரத்தை வரைபடத்தில் பார்த்து நேரத்தைக் கணிக்காதீர்கள். 2022 பிப்ரவரிக்குப் பிறகு ஐரோப்பிய ஒன்றிய நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டுவிட்டது. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு முன்பு 9 மணி நேரத்துச் சொச்சத்தில் போன விமானம் இப்போது ஏறக்குறைய 13 மணி நேரம் சுற்றிக்கொண்டு போகிறது. சீன நிறுவனங்கள் இன்னும் ரஷ்யாவின் மேலேயே பறக்கின்றன. கிழக்காசியாவிலிருந்து கிளம்புகிறவர்கள் மொத்தப் பயண நேரத்தை ஒப்பிட்டே ஆக வேண்டும்.

படி 3: தேடல் முடிவை ஒழுங்காக வாசியுங்கள்

ரோமுக்குப் போக இப்படி ஒரு வரி வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

22:40 – 08:35+1, ஒரு நிறுத்தம், பிராங்க்ஃபர்ட்டில் 1 மணி 10 நிமிடம்

+1 என்றால் மறுநாள் போய்ச் சேருவீர்கள். இரண்டு நேரங்களும் அந்தந்த ஊர் நேரங்கள், அதனால் கழித்துப் பார்த்து 'பத்து மணி நேரம்தானே' என்று நினைக்க வேண்டாம். மொத்தப் பயண நேரம் தனியாகப் போட்டிருக்கும்.

இனி அந்த 1 மணி 10 நிமிடம். இத்தாலியும் ஜெர்மனியும் ஷெங்கன் நாடுகள், அதாவது தங்களுக்குள் வழக்கமான பாஸ்போர்ட் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்தைச் சேர்ந்தவை. நீங்கள் முதலில் கால் வைக்கும் ஷெங்கன் விமான நிலையம் பிராங்க்ஃபர்ட், ஆகவே உங்கள் பாஸ்போர்ட் அங்கேதான் பார்க்கப்படும். ரோமில் உள்நாட்டுப் பயணி மாதிரி பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடலாம். விமானம் நின்று, கதவு திறந்து, நாற்பதாவது வரிசையில் இருக்கும் நீங்கள் இறங்கவே 15 நிமிடம் ஆகும். பிறகு நடை, மறுபடி ஒரு பாதுகாப்புச் சோதனை, இமிக்ரேஷன் வரிசை. 2025 அக்டோபர் 12-ல் தொடங்கிய புதிய நுழைவுப் பதிவு முறையில், குறுகிய காலத்துக்கு வரும் வெளிநாட்டவர்களின் விரல்ரேகையும் முகப்படமும் பதிவு செய்யப்படுகின்றன. முதல்முறை போகிறவர்களுக்கு இது கூடுதல் நேரம். அடுத்த விமானத்தின் கதவோ கிளம்பும் நேரத்துக்கு 15, 20 நிமிடம் முன்பே மூடிவிடும். ஆக உங்கள் கையில் உண்மையில் இருப்பது அரை மணி நேரம் சொச்சம்.

நிறுவனம் விற்கிறதே, அப்படியென்றால் முடியும் என்றுதானே அர்த்தம்? முடியும், எல்லாம் சரியாக நடந்தால். ஷெங்கன் நுழைவு இடையில் வந்தால் 2 முதல் மூன்றரை மணி நேரம் இருப்பதையே நான் எடுப்பேன். துபாய், தோஹா மாதிரி இமிக்ரேஷன் இல்லாமல் மாறும் இடங்களில் ஒன்றரை மணி நேரம் போதும். இன்னொன்றும் பாருங்கள்: தவறவிட்டால் அன்றைக்கே அடுத்த விமானம் இருக்கிறதா? அன்றைய கடைசி விமானத்துக்குப் பொருத்திய டிக்கெட் என்றால் ராத்திரி நாற்காலியில் படுக்கத் தயாராகிக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில், ஒரே பிஎன்ஆரில் (முன்பதிவு எண்ணில்) இருந்தால்தான். அப்போது முதல் விமானம் தாமதமானால் உங்களை ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பது அவர்கள் பொறுப்பு. 'செல்ஃப் ட்ரான்ஸ்ஃபர்' என்று போட்டிருந்தால் அது ஒட்டுப்போட்ட இரண்டு தனி டிக்கெட். பெட்டியை நீங்களே எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். அதற்கு அந்த நாட்டுக்குள் நுழைய விசாவும் தேவைப்படலாம். இரண்டாவது விமானம் போய்விட்டால் போனதுதான். முதல்முறை போகிறவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

விசாவில் இன்னொரு கண்ணி. ஐரோப்பிய விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் வேறு நாட்டுக்கு மாறிப் போனாலும் சில நாட்டுப் பாஸ்போர்ட்டுகளுக்கு ட்ரான்சிட் விசா வேண்டும். எல்லா ஷெங்கன் நாடுகளுக்கும் பொதுவான அந்தப் பட்டியலில் இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் இருக்கின்றன. அதற்கு மேல் தனித்தனி நாடுகளும் தங்கள் பட்டியலை வைத்திருக்கின்றன. லண்டன் வழிக்கு விதி வேறு. பணம் கட்டுவதற்கு முன் அந்த நாட்டுத் தூதரகத் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

படி 4: எந்த விமானம் என்று பாருங்கள்

தேடல் முடிவை விரித்தால் விமானத்தின் வகை சின்ன எழுத்தில் இருக்கும். பலர் தாண்டிப் போகும் இடம் இது. பத்து மணி நேரம் உட்காரப் போகும் நாற்காலி இங்கேதான் முடிவாகிறது.

போயிங் 777-ல் இப்போது பெரும்பாலும் 3-4-3 (இரண்டு ஓரங்களிலும் மும்மூன்று சீட், நடைபாதைகளுக்கு நடுவில் நான்கு), சீட் அகலம் ஏறக்குறைய 17 அங்குலம். அந்த விமானம் வந்த காலத்தில் பல நிறுவனங்கள் வரிசைக்கு 9 தான் வைத்திருந்தன. விமானத்தின் உடம்பு அதேதான், ஒரு சீட்டை நுழைத்துவிட்டார்கள். ஏ350-ல் வழக்கமாக 3-3-3, அகலம் சுமார் 18 அங்குலம். ஒரு அங்குலத்தில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். நடுச் சீட்டில் இரண்டு தோள்களுக்கு இடையில் இரவைக் கழித்துப் பாருங்கள், தெரியும். போயிங் 787-ல் 3-3-3 தான், ஆனாலும் சீட் 17 அங்குலத்தை ஒட்டியே இருக்கும். ஏ330-ல் 2-4-2. கணவன் மனைவியாகவோ நண்பர்கள் இரண்டு பேராகவோ போனால் ஓரத்து இரட்டைச் சீட்டுக்கு ஈடே இல்லை.

787-க்கும் ஏ350-க்கும் வேறு ஒரு நல்ல குணம் உண்டு. உடலின் பெரும்பகுதி கார்பன் இழைக் கலவையால் ஆனதால் உள்ளே காற்றழுத்தத்தைக் கூடுதலாக வைக்க முடிகிறது. உள்ளே இருப்பவருக்கு சுமார் 6000 அடி உயர மலையில் இருப்பது போல இருக்கும். பழைய விமானங்களில் இது 8000 அடி வரை போகும். ஈரப்பதமும் கொஞ்சம் அதிகம். இறங்கும்போது தலைவலியும் தொண்டை வறட்சியும் குறைவாக இருப்பது இதனால்தான்.

கால் நீட்டும் இடத்துக்கு 'பிட்ச்' என்ற அளவைப் பாருங்கள். 31, 32 அங்குலம் என்றால் சராசரி. 30-க்குக் கீழே என்றால் உயரமானவர்கள் தவிர்க்கலாம். கூகுள் ஃப்ளைட்ஸ் இதைக் காட்டும். சீட் வரைபடத்துக்கு ஏரோலோபா தளம் நன்றாக இருக்கிறது. ஜன்னல் இல்லாத ஜன்னல் சீட்டு, கழிவறைச் சுவரை ஒட்டிய சீட்டு எல்லாம் அதில் தெரிந்துவிடும். பல 777-களின் வால்பக்கத்தில் உடல் குறுகுவதால் கடைசிச் சில வரிசைகள் மட்டும் 2-4-2 ஆக இருக்கும். இரண்டு பேர் போனால் அதைப் பிடிக்கலாம்.

சாப்பாடு, டிவி திரை, புன்னகை இதெல்லாம்? பெரிய நிறுவனங்களுக்குள் வித்தியாசம் நீங்கள் நினைக்கும் அளவுக்கு இல்லை. சைவம் போன்ற தனிச் சாப்பாட்டை மட்டும் 24 மணி நேரத்துக்கு முன்பே தளத்தில் பதிந்துவிடுங்கள். விமானத்தில் ஏறிக் கேட்டால் கிடைக்காது.

படி 5: டிக்கெட்டில் என்ன அடங்கியிருக்கிறது

முதல் பக்கத்தில் கண்ணைப் பறிக்கும் விலை பெரும்பாலும் 'லைட்' அல்லது 'பேசிக்' வகை. பல தடங்களில் அதில் செக்-இன் பெட்டி கிடையாது, சீட் தேர்வு கிடையாது, ரத்து செய்தால் பணமும் கிடையாது. ஒப்பிடும்போது ஒரு 23 கிலோ பெட்டியைச் சேர்த்த விலையையே ஒப்பிடுங்கள்.

கேபின் பெட்டியின் எடையிலும் ஏகப்பட்ட வித்தியாசம். எமிரேட்ஸ் 7 கிலோ, லுஃப்தான்சா 8 கிலோ, ஏர் பிரான்ஸும் கேஎல்எம்மும் கைப்பையையும் சேர்த்து 12 கிலோ. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 23 கிலோ வரை விடுகிறது, நீங்களே தூக்கி மேலே வைக்க முடிந்தால். கையில் மட்டும் சாமான் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இந்த ஒரு விஷயமே முடிவைச் சொல்லிவிடும்.

படி 6: தாமதமானால் யார் பக்கம் சட்டம்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 261/2004 என்று ஒரு விதி உண்டு. கடைசி ஊருக்கு 3 மணி நேரத்துக்கு மேல் தாமதமாகச் சேர்ந்தால், காரணம் நிறுவனத்தின் பக்கம் இருந்தால், நீண்ட பயணத்துக்கு 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம். புயல், வான்வெளி மூடல் போன்றவற்றுக்குப் பணம் இல்லை. ஆனாலும் சாப்பாடும் தங்குமிடமும் தர வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து கிளம்பும் விமானம் என்றால் எந்த நாட்டு நிறுவனமானாலும் இந்த விதி பொருந்தும். வெளியிலிருந்து உள்ளே வரும்போது ஒன்றியத்தைச் சேர்ந்த நிறுவனம் ஓட்டினால் மட்டுமே. 'ஓட்டினால்' என்பதை அழுத்திப் படியுங்கள். லுஃப்தான்சா எண் போட்ட டிக்கெட்டில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் பறக்கலாம். இதைத்தான் கோட்ஷேர் என்பார்கள். யார் விற்றார் என்பதைச் சட்டம் பார்ப்பதில்லை, யார் பறக்கவிட்டார் என்பதையே பார்க்கிறது. தேடல் முடிவின் அடியில் 'இயக்குபவர்' என்று பொடி எழுத்தில் இருப்பதைப் படிக்காமல் விடாதீர்கள். சீட்டும் சாப்பாடும்கூட அவர்களுடையதுதான்.

படி 7: வாங்குவது

இப்படி வடிகட்டினால் கடைசியில் இரண்டு டிக்கெட்டுகள் மிஞ்சும். விலை வித்தியாசம் பத்து சதவீதத்துக்குள் இருந்தால் மாறும் நேரம் நன்றாக இருப்பதை எடுங்கள், அதிலும் சமம் என்றால் ஏ350-ஐ. போய் இறங்கும் நேரத்தையும் பாருங்கள். காலை ஆறு மணிக்கு இறங்கினால் ஹோட்டல் அறை பெரும்பாலும் மதியம் 2, 3 மணிக்குத்தான் கிடைக்கும். நள்ளிரவில் இறங்கினால் ரயில் இருக்காது.

தேடுவது எங்கே வேண்டுமானாலும் தேடுங்கள், வாங்குவது நிறுவனத்தின் சொந்தத் தளத்தில். நேரம் மாறினாலோ ரத்தானாலோ இடையில் இருக்கும் தளம் 'ஏர்லைன்ஸைக் கேளுங்கள்' என்னும், ஏர்லைன்ஸ் 'வாங்கிய இடத்தில் கேளுங்கள்' என்னும். சில ரூபாயோ யூரோவோ மிச்சம் பிடித்து இந்தப் பந்தாட்டத்தில் மாட்டிக்கொள்வானேன். பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து போடுங்கள். அப்புறம், முதல் பகுதியைப் பயன்படுத்தாமல் விட்டால் மீதி டிக்கெட் முழுவதும் தானாக ரத்தாகிவிடும். 'பாதியில் ஏறிக்கொள்கிறேன்' என்பது நடக்காது.

வாங்கிய பிறகு மாதம் ஒருமுறை நிறுவனத்தின் தளத்தில் உங்கள் டிக்கெட்டைத் திறந்து பாருங்கள். விமானத்தின் வகையை மாற்றினால் நீங்கள் பார்த்துப் பார்த்துப் பிடித்த சீட் எண் வேறு இடத்துக்குப் போயிருக்கும். நிறுவனமே நேரத்தைப் பெரிதாக மாற்றினால் பெரும்பாலும் காசில்லாமல் வேறு விமானத்துக்கு மாறிக்கொள்ளலாம். கேட்பவர்களுக்குத்தான் கொடுப்பார்கள். சீட்டுக்குப் பணம் கட்டாதவர்கள் பல நிறுவனங்களில் ஆன்லைன் செக்-இன் திறக்கும் நேரத்தில், அதாவது நிறுவனத்தைப் பொறுத்துக் கிளம்புவதற்கு 24 முதல் 48 மணி நேரம் முன்பு, காசில்லாமல் எடுக்கலாம். அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், நல்ல நடைபாதைச் சீட்டெல்லாம் பத்தே நிமிடத்தில் போய்விடும்.