புள்ளி புள்ளியா ஒரு தமிழ் ஃபான்ட் பண்றது எப்படி

பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர், எல்இடி போர்டு இதுல எல்லாம் வர்ற மாதிரி புள்ளி புள்ளியா இருக்கிற எழுத்துன்னா எனக்கு உயிரு. இங்கிலீஷுக்கு இந்த ஸ்டைல்ல ஃபான்ட் கொட்டிக் கிடக்கு, தமிழுக்கு வேணும்னா நாமளே பண்ணிக்கலாம், ஃபான்ட் பண்ற ஃபான்ட்ஃபோர்ஜ் இலவச சாஃப்ட்வேர்தான், அதுவே போதும்.

முதல்ல கட்டம். இங்கிலீஷ் எழுத்துக்கு 5க்கு 7 கட்டம், மொத்தம் 35 புள்ளி, அதுலயே முடிஞ்சிடும். தமிழுக்கு அது பத்தவே பத்தாது. ஒரு சுழிக்கு நடுவுல ஓட்டை தெரியணும்னாலே குறைஞ்சது 3க்கு 3 வேணும், மூணு சுழி ண எங்க போறது? நான் உயரத்துக்கு 16 வரிசை வச்சுக்குவேன், மேல 3, நடுவுல 9, கீழ 4. அகலம் எழுத்துக்கு எழுத்து மாறட்டும், ட சின்னதா இருக்கட்டும், ணவுக்கு தாராளமா விடுங்க.

ஃபான்ட்டோட எம் சைஸை, அதாவது எழுத்து உக்கார்ற மொத்த உயரத்தை, 960 யூனிட்னு வைங்க, புள்ளிக்கு புள்ளி 60 யூனிட், வட்டத்தோட விட்டம் 48. 16 வரிசை சரியா 960ல உக்காந்துடும். விட்டத்தை 56, 57ன்னு ஏத்திட்டீங்கன்னா தூரத்துல இருந்து பாக்க கோடு மாதிரி ஒட்டிக்கும், அப்புறம் புள்ளி எழுத்துங்கிற அழகே போயிடும்.

வட்டத்தை ஒரே ஒரு கிளிஃப்ல (ஃபான்ட்ல இருக்கிற ஒரு எழுத்து வடிவம்) வரைஞ்சிட்டு மத்த எழுத்துல எல்லாம் அதை ரெஃபரன்ஸா, அதாவது மூலத்தோட இணைஞ்சே இருக்கிற மாதிரி ஒட்டுங்க, காப்பி பண்ணி ஒட்டாதீங்க. நாளைக்கு வட்டத்தை சதுரமாக்கணும்னா ஒரு இடத்துல மாத்துனா போதும், ஃபான்ட் மொத்தமும் மாறிடும்.

மெய்யெழுத்துல தான் கவனம் வேணும். க் எழுதும்போது புள்ளி, எழுத்தோட மேல்கோட்டை ஒட்டி வந்துச்சுன்னா அதுவும் எழுத்துல ஒரு புள்ளியாத்தான் தெரியும், க்வும் கவும் ஒண்ணாயிடும். நடுவுல ஒரு வரிசை காலியா விட்டே ஆகணும். 18 மெய்யையும் தனித்தனி கிளிஃபாவே பண்ணிடுங்க, ஆங்கர் வச்சு, அதாவது புள்ளி உக்கார்ற இடத்தை மட்டும் குறிச்சு விட்டு, ஒட்டுனா புள்ளி அரைக் கட்டம் நகர்ந்து நிக்க வாய்ப்பிருக்கு, அது கண்ணை உறுத்தும். கு, கூ வரிசைக்கும் அப்படியே தனித்தனியா 36 கிளிஃப் வரையணும், கொஞ்சம் பொறுமை வேணும். ஆய்த எழுத்து ரொம்ப புடிச்சது எனக்கு, அது ஏற்கனவே மூணு புள்ளி தானே, ஆனா ஒவ்வொண்ணையும் 2க்கு 2ன்னு நாலு புள்ளியா வைங்க, ஒத்தப் புள்ளியா வச்சா தூசி மாதிரி இருக்கும்.

எழுத்தோட அகலம், கெர்னிங் (ரெண்டு எழுத்துக்கு நடுவுல இடைவெளியைக் கூட்டிக் குறைக்கிறது) எல்லாமே 60ஓட மடங்குல இருக்கணும், இல்லன்னா பக்கத்து எழுத்தோட கட்டம் சேராது.

யூஸ் பண்ணும்போது தலைப்புக்கு மட்டும் போடுங்க, 48 பிக்ஸலுக்கு கீழ வேண்டாம். 48ல ஒரு கட்டத்துக்கு சரியா 3 பிக்ஸல் வரும், அடுத்தது 64, 80ன்னு 16 16ஆ ஏத்துங்க, கூர்மையா இருக்கும். போல்டு பட்டனை தொடவே தொடாதீங்க, இடைவெளி அடைச்சுக்கும். கருப்பு பேக்ரவுண்ட்ல ஆம்பர் கலர் குடுத்து, பின்னாடி எல்லாப் புள்ளியும் நிறைஞ்ச ஒரு லேயரை 8 சதவீத ஒபாசிட்டில வச்சுப் பாருங்க, எரியாத பல்பு எல்லாம் மங்கலா தெரியும், நிஜ போர்டு முன்னாடி நிக்கிற மாதிரியே இருக்கும்.